குமாரி கமலாவின் நடனத்தைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தமிழ்ப் படங்களில் குமாரி கமலா ஆடிய நடனங்களைத் தேடிச் சேர்த்து, விவரம் சரிபார்த்து வைக்கிறேன் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். நடனம் கற்கும் பெண்கள் கேட்பது ஒரு விதம். பரணில் பழைய பாட்டுப் புத்தகக் கட்டு வைத்திருப்பவர்கள் கேட்பது இன்னொரு விதம். ‘அதெல்லாம் இப்போது எதற்கு?’ என்பவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குமாரி கமலா யார்? ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

1934-இல் மயூரத்தில் பிறந்தவர். சிறு வயதில் பம்பாயில் லச்சு மகராஜிடம் கதக் கற்றார். நான்கைந்து வயதிலேயே படத்தில் தலைகாட்டினார். இந்தியில் ‘கிஸ்மத்’, ‘ராம் ராஜ்யா’ (இரண்டும் 1943) வரை போய்விட்டார். அம்மா ராஜம் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து பரதம் கற்க வைத்தார். முதலில் காட்டுமன்னார்கோயில் முத்துக்குமாரப் பிள்ளை, பிறகு வழுவூர் பி. ராமையா பிள்ளை. பி.யு. சின்னப்பா நடித்த ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) படத்தில் ஆடிய பாம்பாட்டம் பேர் வாங்கித் தந்தது. 1947 பொங்கலுக்கு வந்த ஏ.வி.எம்.மின் ‘நாம் இருவர்’ அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த பெண்ணாக்கியது. 1953-இல் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாக் கொண்டாட்டத்தில் ஆடினார். 1968-இல் சங்கீத நாடக அகாதமி விருது, 1970-இல் பத்ம பூஷண். 1980-இல் நியூயார்க் போய் லாங் ஐலண்டில் பள்ளி தொடங்கினார். 2010-இல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருதும் கிடைத்தது.

ஒரே மூச்சு என்றீர்கள், கொஞ்சம் நீண்டுவிட்டது.

பேபி கமலா, குமாரி கமலா, கமலா லட்சுமணன், கமலா நாராயண்: இவர்கள் எல்லாம் ஒருவரா?

ஒருவரேதான். குழந்தை நட்சத்திரமாக இருந்தவரை பேபி கமலா. வளர்ந்ததும் குமாரி கமலா. கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணின் மனைவியாக இருந்த காலத்தில் கமலா லட்சுமணன், அதையே இந்திக்காரர்கள் கமலா லக்ஷ்மண் என்று எழுதினார்கள். 1960-இல் மணமுறிவு. பிறகு டி.வி. லட்சுமிநாராயணனை மணந்ததால் கமலா லட்சுமிநாராயணன். அமெரிக்காவில் சுருக்கமாகக் கமலா நாராயண்.

வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் ஒரு நடனக் கலைஞரைத் தொலைப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நான்கு பெயரில் நான்கு பேராகப் பதிவாகியிருப்பார். ஒரு பெயரில் தேடுகிறவருக்கு மற்ற மூன்று பெயரில் உள்ளது அகப்படாது. அதனால் எந்தப் பதிவிலும் எல்லாப் பெயர்களையும் சேர்த்தே எழுதுங்கள், ‘லக்ஷ்மண்’, ‘லட்சுமண்’ என்ற எழுத்து வேறுபாடுகள் உட்பட.

அவருடைய நடனங்கள்தான் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றனவே. இன்னும் என்ன காக்க வேண்டும்?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். கிடக்கின்றன, உண்மை. எந்த நிலையில் கிடக்கின்றன என்று பாருங்கள்.

முதலில் வேகம். படம் எடுத்தது விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). நம்மூர்த் தொலைக்காட்சிக்கும் வி.சி.டி.க்கும் மாற்றியபோது விநாடிக்கு 25 ஆக ஓட்டினார்கள். அப்போது எல்லாப் படத்துக்கும் இதுவே வழக்கம். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடினால், வசனக் காட்சியில் யாருக்கும் தெரியாது. நடனத்தில் தெரியும். நான்கு நிமிட ஆட்டத்தில் ஏறக்குறைய பத்து விநாடி காணாமல் போகும். பாட்டின் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். ‘அந்தக் காலத்தில் என்ன வேகம் பாருங்கள்’ என்று வியக்கிறவர்களில் சிலர் வியப்பது மாற்றிக் கொடுத்த இயந்திரத்தை. கமலா வேகமாக ஆடக்கூடியவர்தான், அதற்கு இயந்திரத்தின் உபகாரம் தேவையில்லை.

அடுத்து, வெட்டு. அந்தக் காலத்துப் படச் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரத்துக்குப் பக்கத்தில் வரும்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய டிவியும் கைபேசியும் அகலத் திரை. ஓரத்தில் கறுப்புப் பட்டை வந்தால் பார்ப்பவர் ஓடிவிடுவார் என்று பயந்து, மேலேயும் கீழேயும் வெட்டி அகலத் திரையை நிரப்புகிறார்கள். உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடுகிறது. உச்சி முதல் பாதம் வரை காட்டிய காட்சியில் கால் பங்கு போனால் எது போகும்? ஒன்று தலைசாமான் என்கிற தலை நகைகள், அல்லது சலங்கை கட்டிய கால். பரதநாட்டியத்தில் காலை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பார் என்கிறார்கள்! சிலர் வெட்டாமல் இழுத்து அகலமாக்குவார்கள். அப்போது முழங்கால் மடித்துப் பாதி உட்கார்ந்து ஆடும் அரைமண்டி நிலை தட்டையாகிவிடும். முழங்கால்கள் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி விரியும். கமலாவின் உடம்புக் கட்டே மாறிப்போகும்.

மூன்றாவது, கண்ணாடி. தானியங்கி உரிமைச் சோதனையிலிருந்து தப்புவதற்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வலது கை இடது கையாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி தலைசாமானிலேயே இருக்கிறது. வகிட்டுக்கு இரு பக்கமும் வைக்கும் சூரியப்பிறை, சந்திரப்பிறை. சூரியன் ஆடுபவரின் வலப்பக்கம், சந்திரன் இடப்பக்கம். வட்டமாகத் தெரிவது சூரியன், பிறையாகத் தெரிவது சந்திரன். உங்கள் திரையில் சூரியன் ஆடுபவரின் இடப்பக்கம் இருந்தால் படத்தைச் சந்தேகப்படுங்கள். உடனே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம், ஒப்பனையில் மாற்றி வைத்திருக்கவும் கூடும். அதே படத்தில் எழுத்து தெரியும் காட்சி ஒன்றைத் தேடி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அப்புறம் மூலைக்கு மூலை சேனல் முத்திரை, நடுவில் ஓடும் விளம்பரப் பட்டை, ‘பத்மினி நடனம்’ என்ற தலைப்பு. கமலா ஆடிய துண்டுகளுக்குப் பத்மினி பெயரையும் வைஜயந்திமாலா பெயரையும் போடுவது சர்வசாதாரணம். மூவரும் பெரிய கலைஞர்கள். அதனாலேயே ஒருவர் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதக் கூடாது.

செயற்கை நுண்ணறிவு கொண்டு மெருகேற்றி, வண்ணமும் கொடுத்து வெளியிட்டால் இளைஞர்கள் பார்ப்பார்களே?

பார்ப்பார்கள்தான். எதைப் பார்ப்பார்கள் என்பதில்தான் எனக்குத் தகராறு.

விநாடிக்கு 24 சட்டகத்தை 60 ஆக்கும் மென்பொருள், இரண்டு சட்டகங்களுக்கு நடுவே என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துப் புதுச் சட்டகம் வரைகிறது. கார் ஓடும் காட்சியில் அந்த ஊகம் ஒப்பேறும். ஆனால் கை பதாக முத்திரையிலிருந்து கடகாமுக முத்திரைக்கு மாறும் அந்தக் கண நேரத்தில், விரல்கள் எப்படி மடங்கின என்பது மென்பொருளுக்குத் தெரியாது. மெழுகு உருகினாற்போல விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரியும். தீர்மானம் எனப்படும் தாளக் கோர்வையின் முடிவில் உடம்பு சட்டென்று நிற்க வேண்டிய இடத்தில், வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். முகத்தில் தெளிவு ஏற்றும்போது மென்பொருள் தனக்குத் தெரிந்த ஆயிரம் முகங்களின் சராசரியை ஒட்டவைக்கிறது. அபிநயம் பார்க்க வந்தவருக்கு அது யாருடைய முகம்?

வண்ணம் பற்றி: கறுப்பு வெள்ளைப் படத்தில் பட்டுப்பாவாடையின் நிறம் என்னவென்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மென்பொருள் தருவது கற்பனை. விளையாட்டுக்குச் செய்யலாம், தலைப்பிலேயே ‘செயற்கை வண்ணம்’ என்று போட்டுவிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மூலத்தை வைத்துக்கொண்டு செய்யுங்கள், மூலத்துக்குப் பதிலாகச் செய்யாதீர்கள்.

அந்தப் படங்களின் மூலச் சுருள்கள் இப்போது எங்கே இருக்கின்றன?

பொதுவான நிலைமையை மட்டும் சொல்ல முடியும். ஐம்பதுகளின் தொடக்கம் வரை படம் பிடித்தது நைட்ரேட் சுருளில். தீப்பிடித்தால் அணைக்கவே முடியாத சரக்கு. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்தது, நூற்றுக்கணக்கான பழைய படங்களின் சுருள்கள் சாம்பலாயின. அதற்குப் பின் வந்த அசிடேட் சுருள் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் நம்மூர் வெக்கையிலும் ஈரத்திலும் புளித்துப்போகும். டப்பாவைத் திறந்தால் காடி வாசனை அடிக்கும். சுருள் சுருங்கி, நெளிந்து, கடைசியில் ஓட்டவே முடியாமல் போகும். ஒரு டப்பா புளித்தால் பக்கத்து டப்பாவும் கெடும்.

இதெல்லாம் இயற்கை செய்தது. மனிதர்கள் செய்தது தனி. சுருளில் பூசிய வெள்ளியை எடுப்பதற்காகப் பழைய பிரின்ட்டுகளை எடைக்குப் போட்டார்கள். ஓடி முடிந்த படத்துக்கு மதிப்பே இல்லாத காலம் அது. முப்பதுகளில் வந்த தமிழ்ப் பேசும் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பவை மிகச் சில. கமலா முதன்முதலில் தலைகாட்டிய ‘வாலிபர் சங்கம்’ (1938), ‘ராமநாம மகிமை’ (1939) போன்றவை அந்தக் காலத்துச் சரக்குதான். நாற்பதுகளின் நடுவிலிருந்து நிலைமை தேவலை. ஏ.வி.எம். மாதிரி நின்று நிலைத்த நிறுவனங்களின் படங்கள் தப்பின. அதிலும் ஒரு சங்கடம்: தப்பியது பல சமயம் பல கை மாறித் தேய்ந்த பிரின்ட். தியேட்டர்காரர் ரீல் முனை அறுந்தபோதெல்லாம் நாலு சட்டகம் வெட்டி ஒட்டியிருப்பார். ஆட்டத்தின் நடுவே படம் ‘துள்ளும்’ இடங்கள் அவை. அங்கே ஓர் அடவு, அதாவது ஆட்டத்தின் ஓர் அடிப்படை அசைவு, போயிருக்கும்.

புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இலிருந்து இருக்கிறது. அதன் நிறுவனர் பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சேர்த்தவை அங்கே உள்ளன. மும்பையில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் 2014 முதல் பாதுகாப்பு வேலையும் பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறது, 2017-இல் சென்னையிலும் நடத்தியது. தமிழ்நாட்டுக்கென்று, இத்தனை முதலமைச்சர்களைச் சினிமா கொடுத்த மாநிலத்துக்கென்று, குளிரூட்டிய கிடங்கோடு முழுமையான ஒரு படக் காப்பகம் இருந்திருக்க வேண்டாமா? இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பழைய படத் துண்டுகளை வைத்துக்கொள்வதும் வெளியிடுவதும் சட்டப்படி சரியா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்துக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1992 வரை 50-ஆக இருந்ததை நீட்டினார்கள். அந்தக் கணக்கில் ‘நாம் இருவர்’ 2007 முடிவோடும், ‘கொஞ்சும் சலங்கை’ (1962) 2022 முடிவோடும் பொதுச் சொத்தாகிவிட்டன. கமலாவின் முக்கியமான திரை நடனங்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் வந்துவிடும்.

ஆனால் பாட்டு தனி. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள உரிமை அவர்கள் மறைந்து 60 ஆண்டு வரை நீளும். படம் பொதுவாகியும் பாட்டு பொதுவாகாமல் இருப்பது இதனால்தான். தவிர, புதிதாக ஸ்கேன் செய்த நிறுவனங்கள் தங்கள் பிரதிக்கு உரிமை கோரித் துண்டுகளை எடுக்கச் சொல்வதும் நடக்கிறது. வாதாடலாம், ஆனால் வாதாட நேரம் வேண்டும். வருமானத்துக்காக வெளியிடுவதாக இருந்தால் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். நான் சொல்வது அடுப்படி வைத்தியம்தான்.

இதில் ‘நாம் இருவர்’ கதை தனிச் சுவை. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை அப்போது ஏ.வி.எம். அதிபர் ஏ.வி. மெய்யப்பன் வசம் இருந்தது. அதனால்தான் படத்தில் பாரதியை அவ்வளவு தாராளமாகப் பயன்படுத்த முடிந்தது. ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’வை டி.கே. பட்டம்மாள் பாட, கமலா ஆடினார். நாட்டுக்குச் சுதந்திரம் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது, திரையில் வந்துவிட்டது. 1949-இல் பாரதி பாடல்களைச் சென்னை மாகாண அரசு பொதுவுடைமையாக்க முன்வந்தபோது, மெய்யப்பன் தன் உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். எனவே அந்தப் பாட்டு வரிகள் எல்லோருக்கும் சொந்தம்.

சினிமாவில் ஆடியது பரதநாட்டியம் ஆகுமா? மேடைக் கலைஞர்கள் ஒத்துக்கொள்வார்களா?

சில ஆகும், சில ஆகாது. மேடையில் வர்ணம் என்ற ஒரே உருப்படி மட்டுமே அரை மணிக்கு மேல் போகும். படத்தில் மொத்தமே மூன்று நான்கு நிமிடம். அதற்குள் காமிரா கோணம் மாறும், நாயகன் முகம் குறுக்கே வரும், ராஜா தலையாட்டுவார். பாம்பாட்டம், குறத்தி நடனம், இந்திப் படத்துக்கு இந்திச் சாயல் என்று கேட்டதையெல்லாம் அவர் ஆடியிருக்கிறார். கதக் கற்றவர் என்பதால் சுழற்சிகளில் அந்தக் கை தெரியும்.

ஆனால் வழுவூர்ப் பாணியின் அடையாளங்கள் படத்திலும் பளிச்சென்று தெரிகின்றன. குதிப்பில் கனமில்லாமை, அடவுக்கு நடுவே சிலை போல ஒரு கணம் நிற்கும் நிலைகள், இடுப்புக்கு மேலே உடம்பு நெகிழ்ந்து சாய்வது. ‘வேதாள உலகம்’ (1948) படத்தில் ‘தீராத விளையாட்டுப் பிள்ளை’க்கு அவர் ஆடுவதைப் பாருங்கள். புகார் சொல்கிற பெண்ணாக முகம் சிணுங்கும், மறுநொடி கண்ணனின் குறும்பு அதே கண்ணில் வரும். பதினான்கு வயதுப் பெண். ஒரே வரியைப் பலவிதமாக விரித்து அபிநயிக்கும் சஞ்சாரிக்கு நேரமே இல்லாத சினிமா அவகாசத்தில் அதைச் செய்திருக்கிறார். மேடைக்காரர்கள் ஒத்துக்கொள்கிறார்களா என்பது பற்றி எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. முழு மார்க்கமும், அதாவது கச்சேரியின் எல்லா உருப்படிகளும், மேடையில் ஆடிய கலைஞர் அவர். நமக்குக் கைக்கு எட்டியிருப்பது சினிமாவில் பதிந்தது, அவ்வளவுதான்.

கமலாவைக் காப்பது என்றால் கமலாவை மட்டும் காப்பதா?

நல்ல கேள்வி, குறைவாகவே கேட்கிறார்கள்.

கமலா ஆடிய ஆட்டத்தை வடிவமைத்தவர் பெரும்பாலும் வழுவூர் ராமையா பிள்ளை. இசை வேளாளர் குலத்து நட்டுவனார், தலைமுறை தலைமுறையாக வந்த வித்தை. வைஜயந்திமாலா, பத்மா சுப்ரமணியம், சித்ரா விஸ்வேஸ்வரன் என்று அவரிடம் கற்றவர்களின் வரிசை நீளம். ஆனாலும் துண்டுகளின் கீழே அவர் பெயரைத் தேடிப் பார்த்தால் இருக்காது. நட்டுவாங்கம் (தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்வது) செய்தவர், மிருதங்கம், குழல் வாசித்தவர்கள் யார் யார் என்பதும் பல படங்களின் டைட்டில் எழுத்தில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ‘நாம் இருவர்’ வந்த அதே 1947-இல்தான் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் சென்னை மாகாணத்தில் வந்தது. பரம்பரையாக ஆடிய பெண்கள் மேடையை விட்டு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மயூரத்துப் பிராமணக் குடும்பத்துப் பெண் ஆடுவதைத் திரையில் பார்த்து மத்தியதர வீடுகளில் ‘நம் பெண்ணையும் சேர்த்துவிடலாம்’ என்றார்கள். கமலா நடனத்துக்கு மரியாதை தேடித் தந்தார் என்று எழுதுவது இன்றும் வழக்கம். அந்த வாக்கியத்தை எழுதுமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதற்கு முன்னால் ஆடியவர்களுக்கு மரியாதை இல்லை என்று யார் தீர்மானித்தது? இதில் கமலாவின் பிழை ஒன்றும் கிடையாது, அவர் குழந்தை. ஆனால் அவர் பெயரைச் சொல்லி ஒரு பெரிய கூட்டத்தை வரலாற்றிலிருந்து அழித்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகங்கள், ‘பேசும் படம்’ இதழ்கள் இருக்கின்றன. பயன்படுமா?

பயன்படுமாவா! தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தியேட்டர் வாசலில் விற்ற அந்த மெலிந்த பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம், பாட்டு வரிகள், சமயத்தில் நடன ஆசிரியர் பெயர்வரை இருக்கும். படம் அழிந்த பிறகு அந்தப் படத்தில் ஒரு நடனம் இருந்தது என்பதற்கே அதுதான் சாட்சி. படத்தில் வெட்டுப்பட்ட பாட்டுகூடப் புத்தகத்தில் இருக்கும், முன்கூட்டியே அச்சடித்ததால்.

செய்ய வேண்டியது: உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். செலோடேப் வேண்டாம், லாமினேஷன் வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த ஸ்டேபிள் பின்னைப் பொறுமையாகக் கழற்றுங்கள். அட்டை முதல் பின்பக்க விளம்பரம் வரை, 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். வெளியீட்டுத் தேதியையும் தியேட்டர் பெயரையும் அந்த விளம்பரப் பக்கத்தில்தான் கண்டுபிடிப்போம். புகைப்படமாக இருந்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் புதிதாக ஏதாவது குறிக்க வேண்டுமானால் பென்சிலில், ஓரத்தில், அழுத்தாமல்.

கொடுக்க மனமிருந்தால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. கொடுக்க மனமில்லையா, ஸ்கேன் பிரதியாவது கொடுங்கள். ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் என்ற ஒரு தனி மனிதர் இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்ததால்தான் தமிழ்ப்படப் பட்டியல் என்று ஒன்று இன்று நமக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் அவரிடம் கற்றவர்களிடம் பழைய வீடியோ கேசட்டுகள் இருக்குமே?

இருக்கும். என்னைக் கேட்டால் படச் சுருளைவிட இப்போது அவசரம் இதற்குத்தான். 1980-க்குப் பிறகு அவர் வகுப்பில் கற்றுக்கொடுத்தது, அரங்கேற்றத்தில் நட்டுவாங்கம் செய்தது எல்லாம் வி.எச்.எஸ். கேசட்டில் வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன. படத்தில் கிடைப்பது ஆடிய கமலா, கேசட்டில் கிடைப்பது ‘அப்படியில்லை, இப்படி’ என்று திருத்துகிற கமலா. இரண்டாவதுக்கு வேறு பிரதியே கிடையாது.

காந்த நாடா இருபது முப்பது வருடத்தில் தளர ஆரம்பிக்கும். ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததை ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடாவும் போகும் இயந்திரமும் போகும். வி.எச்.எஸ். இயந்திரம் செய்வதையே 2016-இல் கடைசி நிறுவனமும் நிறுத்திவிட்டது. அமெரிக்கக் கேசட்டை இங்கே கொண்டுவந்து ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: அங்கே வீடியோ முறை என்.டி.எஸ்.சி., இங்கே ‘பால்’ (PAL). இங்குள்ள எல்லா இயந்திரத்திலும் அது ஓடாது. அங்கேயே டிஜிட்டலாக மாற்றிவிடுவது உத்தமம். நியூயார்க் பொது நூலகத்தின் லிங்கன் சென்டர் கிளையில் நடனத்துக்கென்றே ஒரு பெரிய ஆவணப் பிரிவு இருக்கிறது. அவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

கேசட்டில் தெரிகிற மாணவிகள் அப்போது சிறுமிகள், இப்போது ஐம்பது வயதுக்காரர்கள். வெளியிடுமுன் அவர்களைக் கேளுங்கள். கேட்கும்போதே அவர்கள் நினைவில் இருப்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

என் மகள் ‘நாம் இருவர்’ படத்து ‘வெற்றி எட்டுத் திக்கும்’ நடனத்தைப் படத்தைப் பார்த்தே கற்றுப் போட்டியில் ஆடலாமா?

ஆடட்டுமே. படத்தைப் பார்த்தே கற்பதில் இரண்டு ஆபத்து. காமிரா முகத்துக்குப் போன நேரத்தில் கால் என்ன செய்தது என்று தெரியாது, அதை நீங்களாக நிரப்ப வேண்டும். மேலே சொன்ன வேகமும் இடவல மாற்றமும் இன்னொன்று. வாத்தியாரம்மாவிடம் துண்டைக் காட்டி, அந்தப் பாணி தெரிந்தவராக இருந்தால் நடுவில் விட்டுப்போனதைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அறிவிப்பில் வழுவூர் ராமையா பிள்ளை பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். பாட்டைப் பழைய இசைத்தட்டிலிருந்து எடுக்காதீர்கள். தட்டின் ஒரு பக்கம் மூன்று மூன்றரை நிமிடம்தான் கொள்ளும், படத்தில் உள்ளது அப்படியே அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அவருடைய சொந்த வாழ்க்கை பற்றி ஏன் எழுதுவதில்லை?

பெயர் மாற்றத்துக்குத் தேவையானதை மேலே எழுதிவிட்டேன். போதும்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

‘நாம் இருவர்’. பட்டம்மாளின் குரலும் கமலாவின் காலும் ஒன்றையொன்று துரத்துவது தெரியும். அதிலேயே எம்.எஸ். ராஜேஸ்வரி பாடும் ‘மகான் காந்தி மகான்’ இருக்கிறது. படம் வெளிவந்து ஓராண்டில் காந்தி இல்லை என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். பிறகு ‘வேதாள உலகம்’. பிறகு நேராக ‘கொஞ்சும் சலங்கை’க்குப் போய், குசலகுமாரியோடு அவர் ஆடும் போட்டி நடனத்தைப் பாருங்கள். சிறுமியாகப் பார்த்தவரை முழுக் கலைஞராக, அதுவும் வண்ணத்தில் பார்க்கலாம். குசலகுமாரியையும் கவனியுங்கள், அவரைப் பற்றி யாருமே கேட்பதில்லை. ‘சிவகங்கைச் சீமை’ (1959), ‘பாவை விளக்கு’ (1960) இரண்டிலும் கமலா நடிகையாகவே வருகிறார்.

ஒரு துண்டைச் சேர்த்தால் என்னென்ன குறித்து வைக்க வேண்டும்?

படத்தின் பெயர், ஆண்டு. பாட்டின் முதல் அடி. எழுதியவர், இசை, பாடியவர். நடன அமைப்பு. ஆடியவர்கள், கூட ஆடும் குழுவினர் உட்பட. முழுப்படத்தில் அந்தக் காட்சி எந்த நிமிடத்தில் வருகிறது. எங்கிருந்து எடுத்தது: வி.சி.டி.யா, டிவி பதிவா, ஸ்கேனா. வேகம் 24-ஆ 25-ஆ. சட்டகம் முழுதா, வெட்டியதா. கோப்பின் பெயரில் படமும் ஆண்டும் கண்டிப்பாக இருக்கட்டும், ‘ஓல்டு டான்ஸ் 3’ என்றெல்லாம் வேண்டாம். இரண்டு வேறு இடத்தில் பிரதி வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே.

எல்லா விவரமும் தெரியாவிட்டால்?

தெரிந்ததை மட்டும் எழுதி, மற்றதற்குக் கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறியைப் பார்த்தால் யாராவது ஒரு பெரியவர் வந்து நிரப்புவார். தப்பான பெயரைப் போட்டுவிட்டால் அதையே பத்துப் பேர் எடுத்துப் போடுவார்கள், பிறகு யாராலும் திருத்த முடியாது.